மூக்கு ஒழுகும் ஏழு நாட்கள்

சளி, ஜலதோஷம், நீர்க்கோவை என்று தமிழ்நாட்டிலும், தடிமன் என்று ஈழத்திலும் வழங்கும் நோய், மூக்கின் உட்தோலையும் தொண்டையின் மேற்பகுதியையும் வைரஸ்கள் தாக்குவதால் வருவது. மனிதருக்கு இதைவிட அடிக்கடி வரும் நோய் வேறில்லை. வளர்ந்தவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையும், சிறு பிள்ளைகளுக்கு ஆறு முதல் எட்டு முறையும் சளி பிடிப்பது இயல்பு. பள்ளியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை மழைக்காலம் முழுக்க மாதம் ஒரு முறை மூக்கொழுக வீடு திரும்பினால், எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டதோ என்று பெற்றோர் கலங்குகிறார்கள். பெரும்பாலும் கலங்க வேண்டியதில்லை. அந்த உடல் ஒவ்வொரு வைரஸையும் முதல் முறையாகச் சந்திக்கிறது, சந்தித்ததை நினைவில் வைத்துக்கொள்கிறது.

சளியை உண்டாக்கும் வைரஸ்கள் 200க்கும் மேல். அவற்றில் பெரும்பங்கு ரைனோவைரஸ் என்ற குடும்பத்துக்கு. அதில் மட்டும் 160க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கொரோனா குடும்பத்தில் கோவிட் நோயைத் தராத, பழைய நான்கு வைரஸ்களும் சளியைத் தருகின்றன. அடினோவைரஸ், ஆர்.எஸ்.வி. போன்றவையும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தவை. இத்தனை வகை இருப்பதால்தான் சளிக்கு இன்றுவரை தடுப்பூசி இல்லை. ஒரு வகைக்கு எதிராக உடலில் உருவாகும் பாதுகாப்பு மற்ற வகைகளிடம் அவ்வளவாக எடுபடுவதில்லை.

சளி தொற்றும் நோய்தான் என்பதை 1914இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வால்தர் குரூசே காட்டினார். சளி பிடித்தவரின் மூக்குநீரை, பாக்டீரியா கடக்க முடியாத நுண்வடிகட்டியில் வடித்து, ஆரோக்கியமானவர்களின் மூக்கில் விட்டார். அவர்களில் சிலருக்குச் சளி பிடித்தது. பாக்டீரியாவைவிட நுண்ணிய ஏதோ ஒன்றுதான் காரணம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ரைனோவைரஸ் பிடிபட்டது 1950களில். இங்கிலாந்தின் சால்ஸ்பரி நகரருகே 1946இல் தொடங்கிய சளி ஆராய்ச்சிப் பிரிவு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதற்கென்றே இயங்கியது. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் அங்கே வந்து தங்கி, மூக்கில் வைரஸ் சொட்டுகளை ஏற்றுக்கொண்டார்கள். குளிர் மட்டுமே சளியைத் தருமா என்பதும் அங்கே சோதிக்கப்பட்டது. குளித்த ஈரத்தோடு காற்றோட்டமான நடையில் நிற்கவைத்தும், ஈரக் காலுறையோடு இருக்கவைத்தும் பார்த்தார்கள். வைரஸ் இல்லாமல் குளிர் மட்டும் எவருக்கும் சளியைத் தரவில்லை.

அப்படியானால், மழையில் நனைந்தால் சளி பிடிக்கும் என்று பாட்டி சொன்னது தவறா? முழுக்கத் தவறு என்று சொல்லிவிட முடியாது. ரைனோவைரஸ் நன்றாகப் பெருகும் வெப்பம் 33 டிகிரி செல்சியஸ். உடலின் உள்வெப்பமான 37 டிகிரியைவிடக் குறைந்த இந்த வெப்பம் மூக்கின் உட்பகுதியில்தான் இருக்கிறது. குளிர்காற்று பட்டால் மூக்கு இன்னும் குளிர்கிறது, அங்குள்ள பாதுகாப்பும் சற்றுத் தளர்கிறது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எல்லோரும் சன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில், ஒரே பேருந்தில், ஒரே வகுப்பில் அடைந்து கிடக்கிறார்கள். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வைரஸ் போக அது வசதியான காலம்.

தும்மலிலும் இருமலிலும் தெறிக்கும் துளிகள் வழியாகச் சளி பரவுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். கை வழியாகப் பரவுவதை அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை. மூக்கைத் துடைத்த கை கதவுப்பிடியைத் தொடுகிறது. அதைத் தொட்ட அடுத்தவர் கண்ணைக் கசக்கும்போது வைரஸ் உள்ளே போய்விடுகிறது. ரைனோவைரஸ் தோலின் மேல் சில மணி நேரம் உயிர்ப்போடு இருக்கும். இதற்குக் கொழுப்பு உறை கிடையாது. ஆகவே கிருமிநாசினித் திரவம் கொரோனா வைரஸைக் கொல்லும் அளவுக்கு இதைக் கொல்வதில்லை. சோப்பும் ஓடும் நீரும் போட்டுத் தேய்த்துக் கழுவுவதே நம்பகமான வழி. தூக்கத்துக்கும் இதில் பங்குண்டு. அமெரிக்காவில் 164 பேரின் மூக்கில் ரைனோவைரஸ் விட்டுப் பார்த்து 2015இல் வெளியான ஆய்வில், இரவில் ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிடச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்கு அதிகமாக இருந்தது.

வைரஸ் நுழைந்த ஒன்று முதல் மூன்று நாட்களில் தொண்டை கரகரப்பு தொடங்கும். பிறகு தும்மல், தண்ணீராக ஒழுகும் மூக்கு. இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம்; மற்றவர்களுக்கு அதிகம் தொற்றுவதும் அப்போதுதான். நான்கு, ஐந்து நாளில் மூக்குநீர் கெட்டியாகி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். ஏழு முதல் பத்து நாட்களில் பெரும்பாலானவர்களுக்கு அடங்கிவிடும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் நீடிக்கலாம். இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவற்றை வைரஸ் நேரடியாகச் செய்வதில்லை. வைரஸை விரட்ட உடல் நடத்தும் எதிர்வினைதான் மூக்குக்குள் இரத்தக்குழாய்களை வீங்கவைத்து அடைப்பையும் ஒழுக்கையும் தருகிறது.

பச்சைச் சளி என்றதும் பயந்து மருந்துக் கடைக்கு ஓடுபவர்கள் நிறையப் பேர். அந்த நிறம் பாக்டீரியா கொண்டுவந்தது அன்று. வைரஸை எதிர்க்கக் குவியும் வெள்ளை அணுக்களில் பச்சை நிறமுள்ள ஒரு நொதி இருக்கிறது. அந்த அணுக்கள் சிதையும்போது சளிக்கு அந்த நிறம் வருகிறது. சாதாரணச் சளியின் நடுக்கட்டத்தில் அது வரத்தான் செய்யும். நிறத்தை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் எடுப்பதற்கு மருத்துவத்தில் இடமில்லை.

ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து; வைரஸ் மேல் அதற்குச் சிறிதும் வேலையில்லை. அமாக்சிசிலினோ அசித்ரோமைசினோ போட்டுக்கொண்ட மூன்றாம் நாள் சளி குறைந்தால், அது தானாகவே குறையவேண்டிய நாளில் குறைந்திருக்கிறது. மருந்துக்குப் பெயர் கிடைத்ததுதான் மிச்சம். ஆனால் அதன் கெடுதல் உண்மையானது: வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு, சிலருக்கு ஆபத்தான ஒவ்வாமை. இன்னும் பெரிய கெடுதல், உடலில் வாழும் பாக்டீரியாக்கள் அந்த மருந்துக்கு அசையாதவையாக மாறுவது. அடுத்த முறை உண்மையிலேயே நிமோனியா வரும்போது அதே மருந்து கைவிட்டுவிடலாம். மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நடைமுறை எப்படி என்பது தெரு முனை மருந்துக் கடையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மருத்துவரிடமே போய், ஒரு ஊசி போட்டுவிடுங்கள், நாளைக்கு வேலைக்குப் போகணும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். சளியை ஒரே நாளில் நிறுத்தும் ஊசி உலகத்தில் இல்லை.

ஆக, சளிக்கான சிகிச்சை என்பது தொல்லையைக் குறைத்துக்கொண்டு அந்த ஏழு நாளைக் கடப்பது. அதற்கு வீட்டுச் சமையலறையே பெருமளவு போதும். சூடான பானம் தொண்டைவலி, இருமல், தும்மல், குளிர் நடுக்கம் ஆகியவற்றைக் குடித்த உடனேயே குறைக்கிறது என்று பிரிட்டனின் கார்டிஃப் நகரில் நடந்த ஆய்வு காட்டியது. அதே பானத்தை ஆறவைத்துக் குடித்தபோது அத்தனை பலன் இல்லை. மிளகு ரசம், சுக்குக் காப்பி, தூதுவளை ரசம், நாட்டுக்கோழிச் சாறு எல்லாவற்றுக்கும் இந்த நியாயம் பொருந்தும். மிளகின் காரம் மூக்கில் நீரைச் சுரக்கவைத்துக் கெட்டிச் சளியை இளக்குகிறது. பசி இல்லாத நாளில் உப்பும் நீரும் உடலுக்குள் போகவும் ரசம் நல்ல வழி. இவை வைரஸைக் கொல்வதில்லை. நோயாளியை இதமாக வைத்திருக்கின்றன. இந்த நோயில் அந்த இதம் பெரிய உதவி.

தேன் இருமலுக்கு நல்லது. ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்குப் படுக்கும் முன் அரை முதல் ஒரு தேக்கரண்டி தேன் கொடுத்தால் இரவு இருமல் தணிகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் விதைகள் பச்சிளங்குழந்தையின் குடலில் முளைத்து, நரம்பை முடக்கும் நஞ்சைச் சுரக்கலாம். நாக்கில் தொட்டு வைக்கும் ஒரு துளிக்கும் இது பொருந்தும்.

தயிர், வாழைப்பழம், கொய்யா, பால் எல்லாம் சளிக்கு ஆகாது என்று நிறுத்திவிடுவது நம் வீடுகளில் வழக்கம். ஆஸ்திரேலியாவில் தன்னார்வலர்களுக்கு ரைனோவைரஸ் கொடுத்து மூக்குநீரை எடைபோட்டே பார்த்தார்கள். அதிகம் பால் குடித்தவர்களுக்கு அதிகம் சளி என்ற தொடர்பு தெரியவில்லை. ஏற்கெனவே சாப்பாட்டைத் தள்ளும் பிள்ளைக்கு விருப்பமான வாழைப்பழத்தையும் மறுப்பதால் வருவது எடைக்குறைவு மட்டுமே. தலைக்குக் குளிப்பதாலும் சளி அதிகமாகாது. வெதுவெதுப்பான நீரில் குளித்துத் தலையை உலர்த்திக்கொண்டால் போதும்.

ஆவி பிடித்தல், வேது பிடித்தல் என்று சொல்வது இங்கே தொன்றுதொட்டு இருப்பது. நொச்சி இலையோ மஞ்சளோ போட்ட கொதிநீரின் ஆவி சற்று நேரம் மூக்குக்கு இதம் தரும். நோயின் நாட்களை அது குறைப்பதாக உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஆனால் போர்வைக்குள் கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோன தொடைகளோடு பிள்ளைகள் மருத்துவமனைக்கு வருவது உலகெங்கும் பதிவான விபத்து. பெரியவர்கள் கவனத்தோடு பிடிக்கலாம். பிள்ளைகளுக்கு வேண்டாம், சுடுநீர் திறந்துவிட்ட குளியலறையில் அவர்களை மடியில் வைத்துச் சற்று உட்கார்ந்திருந்தால் அதே இதம் கிடைக்கும்.

மூக்கடைப்புக்கு எளிதும் பாதுகாப்பும் ஆனது உப்புநீர்ச் சொட்டு. மருந்துக் கடையில் விலை குறைவாகக் கிடைக்கிறது. பால் குடிக்க முடியாமல் திணறும் கைக்குழந்தைக்கு, பாலூட்டும் முன் ஒவ்வொரு நாசியிலும் இரண்டு சொட்டு விட்டுத் துடைத்தால் வழி திறக்கும். பெரியவர்கள் நேத்தி செய்து மூக்கைக் கழுவிக்கொள்ள விரும்பினால், கொதிக்கவைத்து ஆறிய நீரையே எடுக்க வேண்டும். குளத்து நீரிலும் சுத்திகரிக்காத நீரிலும் இருக்கக்கூடிய மூளை தின்னும் அமீபா மூக்கு வழியாகத்தான் மூளைக்கு ஏறுகிறது. கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் அதனால் உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. தொண்டை கரகரப்புக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பது போதும்.

மாத்திரைகளில் முதலாவது பாராசிட்டமால். காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் அது நல்ல மருந்து. அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். சளிக்கென்று விற்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கிறது. அதைத் தெரியாமல் காய்ச்சலுக்குத் தனியாக இன்னொன்று போட்டுக்கொள்வதால் அளவு இரட்டிப்பாகிறது. அட்டையின் பின்புறம் எழுதியிருப்பதைப் படிப்பது அவசியம். பிள்ளைகளுக்கு வயதை விட எடைதான் கணக்கு: கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., ஒரு வேளைக்கும் அடுத்ததற்கும் குறைந்தது நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி. சொட்டு மருந்தும் சிரப்பும் ஒன்றல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இங்கே கிடைக்கும் சொட்டு மருந்தில் பொதுவாக ஒரு மில்லியில் 100 மி.கி. இருக்கும், சாதாரண சிரப்பில் ஐந்து மில்லியில்தான் 120 மி.கி. சிரப்பின் அளவைச் சொட்டு மருந்தில் எடுத்துக் கொடுத்தால் நான்கு மடங்கு ஆகிவிடும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது. நிமெசுலைடு 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்தியாவில் 2011லேயே தடை செய்யப்பட்டது.

கூட்டு மாத்திரைகளில் மூக்கடைப்புக்கென்று சேர்க்கும் ஃபினைலெஃப்ரின், வாய்வழியாக எடுத்தால் பலனளிப்பதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் முடிவு சொன்னது. அந்த மாத்திரைகளில் இருக்கும் குளோர்ஃபெனிரமின் தூக்கத்தை வரவழைக்கும். போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. மூக்கில் நேரடியாக விடும் சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் சொட்டுகள் அடைப்பை உடனே திறக்கின்றன. அவற்றை ஐந்து நாளுக்கு மேல் நீட்டினால், மருந்து இறங்கிய உடன் முன்னைவிட மோசமாக அடைக்கும். அதற்கு மறுபடி சொட்டு, மறுபடி அடைப்பு என்று மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

வைட்டமின் சி சளிக்கு நல்லது என்ற நம்பிக்கைக்குப் பெரிய காரணம், வேதியியலில் நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங் 1970இல் எழுதிய நூல். பிறகு நடந்த ஆய்வுகளின்படி, தினமும் எடுப்பவர்களுக்குச் சளியின் நாட்கள் பெரியவர்களில் சுமார் 8 சதவீதம் குறைகின்றன. சளி பிடித்த பிறகு தொடங்கினால் உறுதியான பலன் இல்லை. துத்தநாக மாத்திரை நாட்களைச் சற்றுக் குறைக்கலாம், சான்று வலுவாக இல்லை. துத்தநாகத்தை மூக்கில் தெளிப்பது மணம் அறியும் திறனையே போக்கியிருக்கிறது.

சளியால் நேரும் தீங்கைவிடச் சளி மருந்தால் நேரும் தீங்கு பெரிதாகிவிடக்கூடிய வயது, குழந்தைப் பருவம். 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சாதாரணச் சளிக்கும் இருமலுக்கும் காய்ச்சலுக்கும் சிரப் குடித்த சிறு குழந்தைகள் சிறுநீர் நின்று, சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இறப்பு 20ஐத் தாண்டியது. அந்த சிரப் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாட்டின் அரசுச் சோதனையில் அதில் 48.6 சதவீதம் டைஎதிலீன் கிளைக்கால் இருப்பது தெரிந்தது. 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாத தொழிற்சாலைக் கரைப்பான் அது. கலப்படம் செய்யப்பட்டதோ கவனக்குறைவோ, குற்றம் தயாரிப்பிலும் மேற்பார்வையிலும் இருக்கிறது. ஆனால் மனதை உறுத்துவது இன்னொன்று: அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு எந்த சிரப்பும் தேவைப்பட்டிருக்காது.

அந்த ஆண்டு அக்டோபரில் மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சளி, இருமல் மருந்துகளை எழுதவோ கொடுக்கவோ கூடாது என்றும், ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாக அவை பரிந்துரைக்கத் தக்கவை அல்ல என்றும் அறிவுறுத்தியது. அதற்கு முன்பே, 2023 டிசம்பரில், குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் கலந்த மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தரக் கூடாது என்று உறையில் அச்சிடும்படி உத்தரவு வந்திருந்தது. போன முறை பெரிய பிள்ளைக்கு வாங்கி மிச்சம் வைத்த பாட்டிலைச் சிறிய குழந்தைக்கு எடுக்கும் பழக்கத்தை இன்றே விட வேண்டும்.

வீட்டு வைத்தியத்திலும் குழந்தைக்கு ஆகாதவை இருக்கின்றன. தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சி நெஞ்சில் தடவுவதும், கற்பூரத்தைத் துணியில் முடிந்து தொட்டிலில் கட்டுவதும் கைக்குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கக்கூடியவை. கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் ஏறும். கற்பூரம் சேர்ந்த தைலங்களும் இரண்டு வயதுக்குள் கூடாது. மூக்கில் எண்ணெய் விட்டுச் சளி எடுப்பது, எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி எளிதில் ஆறாத நிமோனியாவைத் தரக்கூடிய செயல். குளிப்பாட்டியபின் காட்டும் சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திச் சுருள், வீட்டுக்குள் பிடிக்கும் சிகரெட் எல்லாம் வீங்கியிருக்கும் சின்னஞ்சிறு மூச்சுக்குழாயை இன்னும் சுருக்குகின்றன. கைக்குழந்தைக்கு மருந்து தாய்ப்பாலும் உப்புநீர்ச் சொட்டும்தான்.

எல்லா மூக்கொழுக்கும் சளி அல்ல, எல்லாக் காய்ச்சலும் சளிக் காய்ச்சல் அல்ல. மூக்கு அரிப்பும் கண் அரிப்பும் வாரக்கணக்கில் நீடித்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். ஒரே நாளில் கடுங்காய்ச்சலும் உடம்பெல்லாம் அடித்துப்போட்ட வலியுமாகப் படுக்கவைத்தால் இன்ஃப்ளூயன்சாவை நினைக்க வேண்டும். அதற்குத் தடுப்பூசியும் உண்டு, மருந்தும் உண்டு. மழைக்காலத்தில் மூக்கொழுகாமல் கடுங்காய்ச்சல் மட்டும் வந்தால் டெங்குவைச் சந்தேகித்து இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அது இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். பத்து நாள் ஆகியும் குறையாத சளி, குறைந்து வந்து மறுபடி காய்ச்சலோடு திரும்பும் சளி, மூன்று நாளைத் தாண்டும் காய்ச்சல், காதுவலி, முகத்தில் ஒருபுறம் கனத்த வலி ஆகியவை மருத்துவரிடம் போக வேண்டிய அடையாளங்கள். ஆஸ்துமா, சர்க்கரை நோய், இதய நோய் உள்ளவர்களும் முதியவர்களும் முன்னதாகவே போவது நல்லது. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது, உடனே மருத்துவமனை.

சளி நெஞ்சுக்குள் இறங்கி நிமோனியாவாகிவிட்டதா என்று அறிய வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குள் 40 என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. எண்ணிக்கை அதைத் தொட்டாலோ தாண்டினாலோ, மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தாலோ, இரவா பகலா என்று பார்க்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.